97 மார்க்கு

தலைப்பைக் கண்டதும் தேர்வு முடிவு பற்றிய கட்டுரை என்று எண்ணி வந்த நண்பர்கள் ஏமாறப் போகிறார்கள். நான் எழுத வந்தது விஸ்கிக்குப் போடும் மார்க்கைப் பற்றி. "தமிழ்ச் சங்க மலரில் சீமைச் சாராயமா? கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் என்ன நினைப்பார்?" என்று யாரும் சினங்கொள்ள வேண்டாம். நான் அதைத் தொட்டவனல்லன். பிறரைத் தொடச் சொல்லவும் வரவில்லை. என் அக்கறை புட்டியில் இல்லை. அதற்கு இடும் எண்ணில்தான் இருக்கிறது.

விடுதியில் என் அறை நண்பர் ஒரு பஞ்சாபியர். அவர் மேசையில் 'விஸ்கி பைபிள்' என்ற புத்தகத்தின் பழைய பதிப்புகள் சில கிடக்கும். ஜிம் மரே என்ற ஆங்கிலேயர் 2003-இல் தொடங்கிய நூல்வரிசை அது. ஒவ்வொரு விஸ்கிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கு. நண்பர் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் போலப் படிப்பார். ஒருநாள் இரவு, "பெங்களூரில் வடித்த அம்ருத் ஃபியூஷனுக்கு 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் 97! உலகிலேயே மூன்றாம் இடம்! தெற்கத்திக்காரராகிய நீங்கள் பெருமைப்பட வேண்டாமா?" என்றார். "பெருமைதான். ஆனால் 97-க்கும் 96-க்கும் நடுவிலுள்ள அந்த ஒரு மார்க்கு நாக்கின் எந்தப் பக்கத்தில் தெரியும்?" என்று கேட்டேன். சிரித்தார், விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவுமில்லை.

மார்க்கினால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஸ்காட்லாந்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வடிசாலைகள். ஒவ்வொன்றிலும் பலவகைச் சரக்கு. விலையோ ஆயிரக்கணக்கில். கடை வாசலில் விழித்து நிற்கும் புதியவனுக்கு ஒரு கைகாட்டி மரம் வேண்டாமா? மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் அல்லர், ஆங்கில எழுத்தாளர்) 1989-இல் மால்ட் விஸ்கிகளுக்கு மார்க்குப் போட்டு நூல் வெளியிட்டபோது அந்த மரத்தைத்தான் நட்டார்.

மற்றொரு பயனும் உண்டு. மார்க்கு சில சமயம் குலப்பெருமையை உடைக்கும். அம்ருத் 2004-இல் தன் விஸ்கியைக் கிளாஸ்கோ நகருக்கே கொண்டுபோய் அறிமுகம் செய்தது. வெயில் நாட்டிலிருந்து நல்ல விஸ்கியா என்று ஐயுற்றவர் பலர். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கு ஆவியாகிப் போகும். பெங்களூரிலோ 10 பங்குக்கும் மேல். ஆகவே இங்கே சரக்கு விரைவில் முதிர்கிறது. புட்டியின் மேல் 12 ஆண்டு, 18 ஆண்டு என்று வயதைப் பார்த்தே வாங்கிப் பழகியவர்கள் அம்ருத்தைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். 97 என்ற எண் அவர்களை நிற்க வைத்தது. அவ்வளவில் அந்த எண்ணுக்கு நன்றி.

ஆனால் நிற்க வைப்பதோடு எண்ணின் வேலை முடிந்தது. மரே மணத்துக்கு 25, சுவைக்கு 25, பின்சுவைக்கு 25, இவை மூன்றும் இசைந்து நிற்பதற்கு 25 என்று பிரித்துப் போடுவார். நான்கையும் கூட்டியவுடன் நான்கும் மறைந்துவிடுகின்றன. ஐலா தீவில் மண்கரியை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள். அந்த விஸ்கியை முகர்ந்து ஒருவர் "கடற்கரையில் மூட்டிய தீ" என்கிறார். அடுத்தவர் "ஆஸ்பத்திரி வாடை" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. அதற்கும் 90, தேன்போன்ற மற்றொன்றுக்கும் 90 என்றால், இரண்டில் எது எனக்கு ஏற்றது என்று அந்த 90 சொல்லுமா?

இன்னொன்று: போடுகிற கையே நிலையாக இல்லை. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் திராட்சை மது நடுவர்களைச் சோதித்து, முடிவை 2008-இல் வெளியிட்டார். ஒரே புட்டியிலிருந்து ஒரே மதுவை, அவர்கள் அறியாமல், மூன்று முறை ஊற்றி வைத்தார். பத்தில் ஒரு நடுவர்தான் ஏறக்குறைய ஒரே மதிப்பைத் தந்தார். மற்றவர்களின் மார்க்கு மேலும் கீழும் ஆடியது. தேர்ந்த நாக்குகளின் கதி இது! அப்படியிருந்தும் சந்தை அரை மார்க்குக்கு அலைகிறது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜப்பானின் யமசாகி விஸ்கி ஒன்று 97.5 பெற்று முதலிடம் வந்ததும் அதன் விலை பல மடங்கு ஏறிற்று. பலர் வாங்கியது விஸ்கியை அல்ல, அந்த எண்ணைத்தான்.

இதையெல்லாம் படித்து நடுவர்களை எள்ளி நகையாடியிருப்பேன். அதற்குள் என் குட்டு எனக்கே வெளிப்பட்டது.

சென்ற பருவத்தில், ஆராய்ச்சி மாணவன் என்ற முறையில், பேராசிரியருக்காக இளங்கலை விடைத்தாள்களைத் திருத்தினேன். மார்க்கைத் தாளில் எழுதாமல் தனிப் பட்டியலில் குறித்து வந்தேன். திருத்திய தாள் ஒன்று எப்படியோ திருத்தாத கட்டில் கலந்துவிட்டது. மீண்டும் திருத்தி, பட்டியலில் குறிக்கப் போனால், அந்த எண்ணுக்கு எதிரே முன்பே 56 என்று இருக்கிறது. இப்போது நான் போட்டது 61! அதே தாள், அதே பேனா, அதே நான். முதல்முறை, சிறந்த தாள்கள் மூன்றைப் படித்த கையோடு காலையில் திருத்தியது. இரண்டாம் முறை, மோசமான தாள்கள் பலவற்றுக்குப் பின் இரவில். 60 என்றால் முதல் வகுப்பு. முகமறியாத ஒரு மாணவரின் வகுப்பு, என் களைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தாளைப் படித்து 59 போட்டார். அது நீதியா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கட்டு முழுவதையும் மறுபடி படித்து, ஒவ்வொரு தாளிலும் எது நன்று, எது குறை என்று இரண்டு வரி எழுதி வைத்தேன். நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையரே! ஊரில் 97 வாங்கிப் பழகிய உங்களில் சிலர், இங்கே முதல் பருவத்தில் 57-ஐக் கண்டு இரவெல்லாம் விழித்திருப்பதை நான் அறிவேன், நானும் விழித்திருந்தவன். அந்த எண்ணைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. 57-க்கும் 87-க்கும் வேற்றுமை உண்டு. அதை மறைப்பது பொய். ஆனால் 57-க்கும் 61-க்கும் உள்ள வேற்றுமை உங்களுடையதாக இருக்கலாம். திருத்தியவரின் மாலைநேரத் தலைவலியாகவும் இருக்கலாம். ஆகவே எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஆசிரியரிடம் சென்று, "ஏன்?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை சொல்வது, மார்க்குப் போடும் எங்கள் கடமை.