புல்லட் ரயில்: உதவியா, கடனா?

0.1% வட்டி, 50 வருஷத் தவணை, முதல் 15 வருஷம் அசலே கட்ட வேண்டாம். இப்படி ஒரு ஹோம் லோன் கிடைத்தால் விடுவோமா? மும்பை - அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு 2015-ல் ஜப்பான் ஒப்புக்கொண்ட கணக்கு இது. மதிப்பிட்ட செலவில் 81% வரை இந்தக் கடன்தான். பெயர் என்னவோ ‘வளர்ச்சி உதவி’!

ரயில் தொழில்நுட்பம் ஜப்பானின் ஷிங்கான்சென். கடனை அடைக்க வேண்டியதும் யென்னில். யென்னுக்கு எதிராக ரூபாய் சரிந்தால் சுமை நம் தலையில்.

508 கி.மீ. பாதைக்கு நிலம் கேட்டபோது குஜராத் விவசாயிகள் பலர் மறுத்தார்கள். 2018-ல் நீதிமன்றம் போனதோடு நிற்காமல், கடன் தரும் ஜப்பானின் ‘ஜைக்கா’வுக்கே கடிதம் எழுதினார்கள். செம லாஜிக்தான். நிலம் இழப்பவர்களைக் கலந்துபேச வேண்டும் என்பது ஜைக்காவின் சொந்த விதியாச்சே!