பங்காளி ஆகலாமா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். எட்டு வருஷம் பெரிய ஸாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்தவர். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டார். இப்போது வீட்டில் இருந்தபடியே, தெரிந்தவர்களுக்கு இன்டர்நெட்டில் கடை அமைத்துக் கொடுத்து ஏதோ சம்பாதிக்கிறார். அந்தக் கடைகளுக்கு வேண்டிய ஸாஃப்ட்வேரை விற்கும் கம்பெனி, “எங்கள் பார்ட்னர் திட்டத்தில் சேருங்கள்” என்று அழைக்கிறதாம். “இலவசம்தானே, சேர்ந்துதான் வையேன்” என்கிறார் கணவர். “மாசம் எவ்வளவு கொடுப்பான்?” என்று கேட்கிறார் மாமியார். “சேரலாமா, கூடாதா, ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

ஒரு வார்த்தை என்றால், சேரலாம். ஆனால் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

முதலில், அந்தப் ‘பார்ட்னர்’ என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். தமிழில் அதைப் பங்காளி என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மாமியாருக்கே சிரிப்பு வரும். நம் ஊர்ப் பங்காளிக்காவது பாகப் பிரிவினையில் கிணற்றில் கால் பங்கு, மாந்தோப்பில் அரைப் பங்கு என்று ஏதாவது உண்டு. இந்தப் பங்காளிக்குக் கம்பெனியின் லாபத்தில் பங்கு கிடையாது. நிர்வாகத்தில் பேச்சும் கிடையாது. மாசச் சம்பளமும் இல்லை. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவரையும், தையல் டீச்சர் ஒருவரையும் சேர்த்துப் பிசைந்தால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அதுதான் இந்த உத்தியோகம்.

உதாரணத்துக்கு ஷாப்பிஃபை என்ற கனடா தேசத்துக் கம்பெனியைப் பார்ப்போம். அது பிறந்த கதையே வேடிக்கை. ஜெர்மனியில் பிறந்து ஒட்டாவா நகரில் குடியேறிய டோபி லூட்கே என்பவர், பனிமலையில் சறுக்கி விளையாடும் பலகைகளை 2004-இல் இன்டர்நெட்டில் விற்கத் தொடங்கினார். கடை வைக்கக் கிடைத்த ஸாஃப்ட்வேர் எதுவும் பிடிக்காமல் தாமே ஒன்றை எழுதினார். பலகை வியாபாரத்தைவிட அந்த ஸாஃப்ட்வேர் நன்றாயிருப்பதாகப் பட்டது. 2006-இல் அதையே பிறருக்கும் திறந்துவிட்டார்கள். சமையல் நன்றாயிருக்க, பாத்திரத்துக்கு அதிக கிராக்கி வந்த மாதிரி!

இவர்களுடைய பார்ட்னர் திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. தனி மனுஷியாகவே சேரலாம். சேர்ந்தவர், வாடிக்கைக்காரருக்காக ஒரு பரீட்சைக் கடையை இலவசமாகவே கட்டலாம். அலமாரி அடுக்கலாம், படம் மாட்டலாம், பொய் ஆர்டர் போட்டுப் பார்க்கலாம். நிஜக் காசு மட்டும் வாங்க முடியாது. வேலை முடிந்ததும் கடையை வாடிக்கைக்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். அன்று முதல் மாச வாடகை அவர் பொறுப்பு. இப்படிக் கடைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பார்ட்னருக்குக் கமிஷன் என்று ஒன்று வருகிறது.

எல்லோரும் அந்தக் கமிஷனைத்தான் பார்க்கிறார்கள். எனக்கோ, “வாடிக்கைக்காரர் பெயருக்கு மாற்றி” என்ற இடத்தில்தான் கண் நிற்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என் தங்கை மகளும் இதே தொழில்தான். எந்தத் திட்டத்திலும் சேராமல், வேறொரு கம்பெனியின் ஸாஃப்ட்வேரைக் கொண்டு, மாம்பலத்தில் பட்சணம் செய்து விற்கும் ஒரு மாமிக்குக் கடை அமைத்துக் கொடுத்தாள். “மாமிக்கு இதெல்லாம் புரியாது பெரியம்மா, நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று தன் ஈமெயில், தன் கிரெடிட் கார்டு, தன் பாஸ்வேர்டு என்று எல்லாவற்றையும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டாள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஐப்பசியில் அவளுக்குப் பிரசவம். நர்ஸிங் ஹோமில் படுத்திருந்த சமயம் கார்டின் கெடு முடிந்துபோய், வாடகை போகாமல் நின்றுவிட்டது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் கடைக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மாமி முப்பது கிலோ கடலை மாவும், டின் டின்னாக நெய்யும் வாங்கி வைத்திருந்தார். ஆர்டர் ஒன்றும் வரவில்லை. இவள் டெலிபோனோ மூடிக் கிடக்கிறது. கம்பெனிக்கு எழுதினால், “தாங்கள் யார்? இந்தக் கணக்கு தங்கள் பெயரில் இல்லையே!” என்று பதில் வருகிறது. அவர்கள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? அவர்கள் கணக்கில் மாமி என்று ஒரு ஜீவனே கிடையாதே! மாமி பச்சைக் குழந்தையைப் பார்க்க வந்தபோது கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, “மாவு வண்டு வைத்துவிடும், அதுதான் கவலை” என்றார். அதைக் கேட்டுப் பெண் அழுத அழுகையை நான் பார்த்தேன்.

ஆகையால், நங்கநல்லூர் சகோதரியே, நீங்கள் சேர வேண்டியது கமிஷனுக்காக அல்ல. கடை ஒருவருடையது, அதில் வேலை செய்கிறவர் வேறொருவர் என்று பிரித்து எழுதி வைக்க அங்கே வழி இருக்கிறது, அதற்காக. கடையைக் கொடுத்த பிறகும் பழுது பார்க்க உள்ளே போக வேண்டுமானால், பார்ட்னர் என்ற முறையில் அனுமதி கேட்டு, முதலாளி சம்மதித்த அறைகளுக்குள் மட்டும் போகலாம். அவருடைய பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. நாளைக்கு உங்களுக்குள் மனஸ்தாபம் வந்தால், அவர் அந்த அனுமதியை ரத்து செய்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம். அது உங்களுக்கும் நிம்மதிதானே?

கமிஷன் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. “எந்த ஸாஃப்ட்வேர் வாங்கலாம்?” என்று உங்களை நம்பிக் கேட்கிறவரிடம், “இதை வாங்குங்கள்” என்று சொல்கிறீர்கள். அந்த வாய்க்குக் கம்பெனியிடமிருந்தும் காசு வருகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாயிருந்தால், அந்த யோசனையிலேயே ஏதோ கோணல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்! வேலைக்கான கூலியைத் தனியாக, முழுசாக வாங்குங்கள். வருகிற கமிஷனை நம்பிக் கூலியைக் குறைப்பது, தீபாவளி போனஸை நம்பிச் சீட்டுக் கட்டுவதைப் போல.

ஏனென்றால், நிபந்தனைகளை எழுதும் பேனா எப்போதும் கம்பெனியின் கையில்தான். அதே ஷாப்பிஃபை, தன் சந்தையில் ஸாஃப்ட்வேர் விற்கிறவர்களிடம் நூற்றுக்கு 20 பங்கு எடுத்து வந்தது. 2021 ஆகஸ்டில், “வருஷா வருஷம் முதல் பத்து லட்சம் டாலருக்கு எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், அதற்கு மேல் 15 போதும்” என்று தாராளமாக இறங்கி வந்தது. 2025-இல் அந்தச் சலுகையை ஆயுளுக்கு ஒரே தடவை என்று மாற்றிவிட்டார்கள். பத்து லட்சம் டாலர் சம்பாதிக்கிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படட்டும். மாற்றினார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். மைக்ரோஸாஃப்ட்டும், சின்னப் பார்ட்னர்கள் வருஷச் சந்தா கட்டி வாங்கி வந்த ‘ஆக்‌ஷன் பேக்’ என்ற கட்டை 2025 ஜனவரியோடு நிறுத்திவிட்டு, வேறு பெயர்களில் வேறு கட்டுகளை வைத்தது. எனவே சந்தா கேட்கும் திட்டமானால், ஒரு வருஷத்துக்கு மேல் கணக்குப் போடாதீர்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில கம்பெனிகள், தொழில் நடத்துவதற்கு அத்தாட்சி கேட்கும். ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து, அரசாங்கத்தின் ‘உத்யம்’ பதிவைக் காசில்லாமல் நீங்களே செய்துகொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால், என்ன காரியத்துக்கு வந்தது என்று பாங்கில் கேட்பார்கள். அந்தச் சீட்டுக்களைப் பத்திரமாக வையுங்கள். மற்றபடி ஜி.எஸ்.டி., வருமான வரி சமாசாரத்துக்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். என்னைக் கேட்காதீர்கள், பால் கணக்கே எனக்கு மாசா மாசம் உதைக்கிறது.

மாமியாரிடம், “மாசம் இவ்வளவு என்று கிடையாது, அம்மா” என்று உள்ளதைச் சொல்லுங்கள். கணவரிடம், சேருவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். “இலவசம்தானே” என்றவர் அவர்தானே!

பட்சண மாமி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கடை இப்போது அவர் பெயரிலேயே இருக்கிறது, கார்டும் அவருடையதே. பாஸ்வேர்டை எங்கே எழுதி வைத்திருக்கிறார் என்று என் தங்கை மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு அவளுக்கு ஒரு டின் ரிப்பன் பக்கோடா வந்தது. கூடவே பில்லும் வந்தது.