பழநிக்கு நடந்தா பக்தி... ஊட்டியில நடந்தா கிறுக்கா? - 60 வயதுக்கு மேல் தனியே கிளம்பும் பெண்கள்

என் சித்திக்கு 62 வயது. மதுரைக்காரர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தைப்பூசத்துக்கு நான்கு முறை பழநிக்குப் பாதயாத்திரை போயிருக்கிறார். நூறு கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலோடு, ராத்திரியில் ரோட்டோரம் படுத்து எழுந்து. அப்போதெல்லாம் 'முட்டி தாங்குமா, பி.பி மாத்திரை எடுத்துக்கிட்டியா' என்று வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. 'எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கோ' என்றுதான் வழியனுப்பினார்கள்.

போன வருடம் இதே சித்தி, ஊட்டியில் கெய்ர்ன் ஹில் மலையேற்றத்துக்கு ஆன்லைனில் ஒரே ஒரு டிக்கெட் போட்டார். குடும்ப வாட்ஸ்அப் குரூப் கொந்தளித்துவிட்டது. 'இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?', 'யார்கூடப் போற?', 'ஏதாவது ஆச்சுன்னா?' கடைசியாக வந்ததுதான் நிஜமான கேள்வி: 'அப்போ சித்தப்பாவுக்கு யார் சமைப்பா?'

சாமிக்காக நடந்தால் யாரும் கணக்கு கேட்பதில்லை. தனக்காக நடந்தால்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. அறநிலையத் துறை 60 முதல் 70 வயது வரையிலானவர்களைக் காசிக்கும் அறுபடை வீடுகளுக்கும் கட்டணமில்லாமல் அழைத்துப் போகிறது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வயதானவர் என்றால் பக்தர் என்பதைத் தாண்டி, சும்மா ஊர் சுற்ற ஆசைப்படும் ஓர் ஆள் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு 60 வயது கடந்திருந்தது. இத்தனை பேருக்கும் கோயிலும் பேரப்பிள்ளையும் போதும் என்று நாமே எப்படி முடிவு செய்கிறோம்?

சரி, கிளம்ப நினைத்தால் வழி இருக்கிறதா?

முன்பைவிட இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது நினைவிருக்கும். இறந்தவர்களில் பலரும் இளம் வயதினர். மலையில் ஆபத்து வயதைப் பார்த்து வருவதில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதன்பிறகு விதிமுறைகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை அறிவித்தது. எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பழங்குடியினர், காட்டோர கிராமத்தினர் ஆகியோருக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அனுப்புகிறார்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள வாரங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

'தனியே போறது'ன்னா காட்டுக்குள் ஒற்றையாக நுழைவது என்று சிலர் நினைக்கிறார்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றம், யானை நடமாடும் இடத்தில் அது முட்டாள்தனமும்கூட. வீட்டிலிருந்து தனியாகக் கிளம்பி, முன்பின் தெரியாத நாலு பேரோடும் ஒரு வழிகாட்டியோடும் நடக்கலாம். சித்தி செய்தது அதுதான். 'தெரியாதவங்கன்னா நல்லதுடி. மூச்சு வாங்கினா நின்னுக்கலாம். நம்ம ஆளுங்கன்னா வீடியோ எடுத்து குரூப்ல போட்டுருவாங்க' என்றார்.

மலையைவிட அவரைச் சோதித்தது ஊட்டி லாட்ஜ்தான். 'சிங்கிளுக்கு ரூம் இல்லம்மா, கூட யாராவது வராங்களா?' தனி ஆளுக்கு அறை தந்தால் ஏதாவது விபரீதம் நடந்துவிடுமோ என்ற பயம், பல விடுதிகளில் எழுதப்படாத சட்டமாகவே இருக்கிறது. வயதானவர் என்றால் பயம் இரட்டிப்பு. மூன்றாவது இடத்தில்தான் அறை கிடைத்தது, அதுவும் மகனிடம் போனில் பேசிய பிறகு. முப்பத்தைந்து வருடம் அரசு வேலை பார்த்தவருக்கு மகன் ஜாமீன்!

ரயில் கதை இன்னும் விசேஷம். 2020 மார்ச் வரை ஆண்களுக்கு 60 வயதிலும் பெண்களுக்கு 58 வயதிலும் கட்டணச் சலுகை இருந்தது. ஆண்களுக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கு 50 சதவிகிதம். கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தியது, கொரோனா போன பிறகும் திரும்பவில்லை. மாதப் பென்ஷனில் ஓடுகிற வீட்டில் முதலில் வெட்டப்படும் செலவு பாட்டியின் பயணம்தான். ஒன்று மட்டும் மிச்சம்: 45 வயது கடந்த பெண்களுக்கும் 60 கடந்த ஆண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. அது தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்குத்தான். குடும்பத்தோடு கும்பலாக டிக்கெட் போட்டால் பாட்டிக்கு அப்பர் பெர்த் விழலாம். தனியாகப் போவதில் இப்படியும் ஒரு லாபம்!

2025-ல் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 59 வயது தையல்காரப் பெண் ஒருவர், 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை தனியாகப் போய்வந்தார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மாதக்கணக்கில் நடந்து உடம்பைத் தயார்செய்து, கசவுப் புடவையோடு அங்கே நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கெல்லாம் முன்னோடி எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி. 11 பிள்ளைகள் பெற்றவர், கணவரிடம் பல வருடம் அடிபட்டவர். 1955-ல், 67 வயதில், சாதாரண கேன்வாஸ் ஷூவும் தோளில் ஒரு துணிப்பையுமாக, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமான அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். வீட்டில் சொன்னது, 'நடந்துட்டு வரேன்' என்பது மட்டும்தான்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வெள்ளியங்கிரிக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே மூச்சுத்திணறலும் மாரடைப்பும் வந்து ஆட்கள் இறந்த செய்திகள் ஒவ்வொரு சீசனிலும் வருகின்றன. பக்தி இதயக் குழாய் அடைப்பைச் சரிசெய்யாது. இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை, மூச்சுப் பிரச்னை இருந்தால் டாக்டரிடம் 'மலை ஏறலாமா' என்று வெளிப்படையாகக் கேளுங்கள். 'வாக்கிங் போலாமா' என்று கேட்டால் அவர் போகலாம் என்றுதான் சொல்வார், அது வேறு கேள்வி. முட்டியைப் பதம்பார்ப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான், அதனால் கையில் ஒரு கம்பு கட்டாயம். சித்தி மூன்று மாதம் அப்பார்ட்மென்ட் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழகினார். சர்க்கரை மாத்திரை போடுபவர் என்பதால் பையில் கடலைமிட்டாய். பாதி வழியில் முடியவில்லை என்றால் திரும்பிவிடுவது என்று கிளம்பும்போதே முடிவெடுத்திருந்தார். மலையேற்றத்தில் பெரிய பயிற்சி அதுதான் என்பேன். பாதயாத்திரையில் திரும்ப முடியாது, நேர்த்திக்கடன் பாக்கி நிற்கும்.

சித்தப்பா என்ன ஆனார்? அந்த மூன்று நாளும் தினமும் போன். பருப்புக்குக் குக்கர் எத்தனை விசில், உப்பு எந்த டப்பாவில்.

டிசம்பரில் சித்தி மறுபடியும் கிளம்பினார், இந்த முறை கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு. சித்தப்பாவிடமிருந்து ஒரே ஒரு போன்தான் வந்ததாம். ரசத்துக்குப் புளி எவ்வளவு ஊறவைக்கணும் என்று.