அழைப்பாளரின் பிள்ளைகள்



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை. மஃரிப் தொழுகை முடிந்து பாடாலூரில் எங்கள் மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் வாகன இரைச்சல் ஓயாமல் கேட்டுக் கொண்டிருந்தது. முன்னாள் மாணவர் ஒருவர் வந்து ஸலாம் கூறி அருகில் அமர்ந்தார். பட்டம் பெற்று எட்டாண்டுகளாகிவிட்டன. இன்று அவரும் ஒரு மௌலவி. மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் தொழும் ஒரு பள்ளிவாசலுக்கு இமாமாக அழைப்பு வந்திருக்கிறது. தொழவைப்பதோடு, தமிழறிந்த பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கவும், புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோருக்கு மார்க்கம் கற்பிக்கவும் வேண்டுமாம். விசா அவருக்கு மட்டுமே. மனைவியும், ஆறு வயது மகனும், மூன்று வயது மகளும் ஊரில் இருக்க வேண்டும்.

"போகலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். பிறகு அவரே, "இப்ராஹீம் (அலை) அவர்கள் மனைவியையும் கைக்குழந்தையையும் பாலைவனத்தில் விட்டுச் செல்லவில்லையா?" என்று தமக்குத் தாமே ஆறுதலும் கூறிக் கொண்டார்.

"தம்பி, அவர்களுக்கு வந்தது வஹீ. உங்களுக்கு வந்திருப்பது விசா" என்றேன். சிரித்தார். ஆனால் அவருடைய கேள்விக்கு உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நானும் ஓர் இமாமின் மகன். என் தந்தையார் என் சிறு பிராயத்தில் மலேசியாவில் பணியாற்றினார்கள். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறைதான் ஊர் வருவார்கள். அக்காலத்தில் தொலைபேசி எங்கள் தெருவிலேயே கிடையாது. ஊர் திரும்புவோர் கையில் ஒலிநாடாவில் பேசி அனுப்புவார்கள். வியாழன் இரவுகளில் அம்மா அதை டேப் ரெக்கார்டரில் போட, நாங்கள் சுற்றி அமர்ந்து கேட்போம். ஒருமுறை பெட்டியும் கையுமாக அவர்கள் வாசலில் வந்து நின்றபோது எனக்கு நான்கு வயது. "அத்தா வந்திருக்காங்க, போ" என்று அம்மா என்னை முன்னே தள்ளினார்கள். நான் ஓடிப்போய் டேப் ரெக்கார்டரைக் கட்டிப் பிடித்துக் கொண்டேனாம். அதுதான் என் அத்தா! வந்தவர் யாரோ!

வீட்டில் இதைச் சொல்லிப் பல்லாண்டுகள் சிரித்தார்கள். என் தந்தை மட்டும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

மார்க்கப் பணிக்காகக் கடல் கடப்போர் எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. பிள்ளைகளை உடன் கொண்டு செல்வதா? தம்மிடமிருந்து பிரித்துத் தாயகத்துக்கு அனுப்புவதா? தாயோடு ஊரில் விட்டுச் செல்வதா? இம்மூன்று வழிகளுக்கும் வரலாற்றில் சான்றுகள் உள்ளன.

முதல் வழிக்கு நம் முன்னோரே சான்று. நபித்துவத்தின் 5ஆம் ஆண்டில், மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாமல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அனுமதியோடு முஸ்லிம்கள் செங்கடலைக் கடந்து அபிஸீனியாவுக்குச் சென்றனர். அவர்களுள் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களும், அவர்தம் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும் இருந்தனர். அடைக்கலம் தேடிச் சென்றவர்கள்தாம். ஆயினும் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் இஸ்லாத்தை எடுத்துரைத்து, மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டிய முதல் அழைப்பாளரும் அந்த ஜஃபர் (ரலி) அவர்களே. அத்தம்பதியருக்கு அப்துல்லாஹ், முஹம்மத், அவ்ன் என மூன்று ஆண்மக்கள் அந்த அந்நிய மண்ணிலேயே பிறந்தனர். அவர்கள் மதீனா வந்து சேர்ந்தது ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 628இல். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள்! உறவினர் இல்லை, ஊர்மொழி வேறு, ஊரார் சமயம் வேறு. அங்கே மூன்று பிள்ளைகளை ஈமானோடு வளர்த்தெடுத்த தாய் அஸ்மா (ரலி).

மதீனாவில் உமர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்தில் உங்களை நாங்கள் முந்திவிட்டோம் என்ற பொருளில் ஒரு சொல் கூறியபோது அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் நபியவர்களின் அருகில் இருந்தீர்கள், பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள், அறியாதவருக்குக் கற்பித்தார்கள்; நாங்களோ தொலைவான, அச்சம் நிறைந்த நாட்டில் கிடந்தோம் என்று முறையிட்டார்கள். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றது. கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்துகளின் நன்மை உண்டு என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அந்நிய நாட்டில் குடும்பம் நடத்திய ஒரு பெண்ணின் பாடு, பள்ளிவாசலில் சொற்பொழிவாற்றும் ஆணின் பாட்டுக்குக் குறைந்ததன்று என்பதை இதைவிடத் தெளிவாக யார் உரைக்க முடியும்?

இரண்டாம் வழிக்குச் சான்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அதைக் கடந்து துறையூருக்கும் மேற்கே சென்றால் கொல்லிமலை. அம்மலையில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் கிறித்தவ சமயப் பணி செய்தனர். அவர்களின் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆனால் பிள்ளையைப் பெற்றவர் மனம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். பிறர் வாழ்விலிருந்து படிப்பினை பெறுவதில் குற்றமில்லை.

அவர்களின் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். அன்றைய வழக்கப்படி, ஒன்பது வயதில், தங்கையோடு கல்விக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். பெற்றோர் மலைக்குத் திரும்பினர். இடையில் இருந்த பாலம் கடிதம் ஒன்றே. 1929இல், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் தந்தை கொல்லிமலையில் இறந்தார். தந்திச் செய்தி மகனுக்கு விரைவில் எட்டிவிட்டது. தந்தை இறப்பதற்கு முன் எழுதிய கடிதங்களோ கப்பலில் மெல்ல வந்து, அதன் பிறகும் அவர் கையில் சேர்ந்து கொண்டிருந்தன. பதினைந்து வயதை எட்டாத சிறுவன், இல்லாத தந்தையின் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்! பின்னர்த் தாயார் இங்கிலாந்து வந்தபோது, நோயாலும் துயராலும் மெலிந்து நின்ற அவரைக் கண்டு, தம் நினைவிலிருந்த தாயா இவர் என்று மகன் திகைத்தார்.

அந்தத் தாய் மீண்டும் மலைக்கே திரும்பினார். முதுமையிலும் மலை மலையாக அலைந்து பணி செய்து, 1974இல் 95ஆம் வயதில் மறைந்து, கணவரின் அருகிலேயே அடக்கமானார். மகனோ மருத்துவராகி 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் விரிய வைத்து உலகப் புகழ் பெற்றார். முடிவு நன்றாகத்தான் அமைந்தது. ஆனால் நடுவே தொலைந்த ஆண்டுகளை எவரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. இத்தகைய பிரிவுகளைத் தவிர்க்க வழி தேடியவர்களும் அவர்களுள் இருந்தனர். 1901இல் கொடைக்கானலில், சமயப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பிள்ளையைக் கடல் கடத்தாமல் மலையளவில் நிறுத்திய அந்த ஏற்பாடே இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக விளங்குகிறது.

மூன்றாம் வழிதான் நம் வழி. வணிகத்துக்கும் மார்க்கப் பணிக்கும் நம் ஆண்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றனர். பெண்களும் பிள்ளைகளும் ஊரில் காத்திருந்தனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில், தமிழெழுத்து அறியாவிடினும் குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள், அரபுத் தமிழில் கணவருக்குக் கடிதம் எழுதினர்; வந்ததைப் படித்தனர். இன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். பாலம் வலுப்பெற்றிருக்கிறது, பிரிவு தீர்ந்துவிடவில்லை.

என் மாணவருக்கு அடுத்த வாரம் நான் கூறியவை இவைதாம்.

முதலில், அங்குள்ள நிர்வாகத்தாரிடம் சம்பளம் பேசுமுன் மனைவியிடம் சம்மதம் கேளுங்கள். முடிவு செய்தபின் அறிவிப்பது சம்மதம் கேட்பதாகாது. ஹாஜர் (அலை) அவர்கள்கூட, இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்டு, ஆம் என்ற விடை பெற்ற பின்னரே மனம் தேறினார்கள்.

இரண்டாவது, குடும்பத்துக்கு வீடும் விசாவும் எப்போது கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். கால வரம்பில்லாத பிரிவுதான் பிள்ளையை அலைக்கழிக்கும்.

மூன்றாவது, பிரிந்திருக்கும் நாள்களில் நேரம் குறித்துப் பேசுங்கள். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னது. நீங்கள் இஷா முடித்து வரும்போது இங்கே மஃரிப் வேளை. அன்றாடம் அந்த நேரம் மகனுக்குரியது. ஓதினாயா, படித்தாயா என்ற விசாரணையாக அது ஆகிவிட வேண்டாம். இன்று யாரோடு விளையாடினாய் என்றும் கேளுங்கள்.

நான்காவது, உடன் அழைத்துச் சென்றால் பிள்ளைகள் மலாய் பேசுவார்கள். அதற்காகக் கடிந்து கொள்ளாதீர்கள். வீட்டில் தமிழ் பேசுங்கள், தமிழெழுத்தைக் கற்பியுங்கள். ஆனால் அவர்கள் வளர்ந்த மண்ணின் மொழியை இழிவாகப் பேசாதீர்கள்.

இந்த நான்காவதற்கு எனக்கு ஆதாரம் உண்டு. அபிஸீனியாவில் பிறந்து, அங்கேயே சில காலம் வளர்ந்து, மதீனா வந்த ஒரு சிறுமி உம்மு காலித் (ரலி). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருநாள் சில ஆடைகள் வந்தன. வேலைப்பாடமைந்த ஒரு சிறிய கறுப்பு ஆடையை எடுத்து, இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று கேட்டுவிட்டு, உம்மு காலிதைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். சிறுமி தூக்கி வரப்பட்டாள். தம் திருக்கரத்தால் அவளுக்கு அணிவித்து, அந்த அழகைக் காட்டி, "ஸனா" என்றார்கள். அழகு என்னும் பொருள் தரும் அச்சொல் அரபி அன்று, அபிஸீனிய மொழி! வேற்று மண்ணிலிருந்து வந்த குழந்தையை அதன் நாவுக்குப் பழகிய சொல்லால் வரவேற்றார்கள். இதை அந்த அம்மையாரே அறிவித்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது.

ஜஃபர் (ரலி) அவர்களின் வீட்டு நிகழ்ச்சியும் இத்தகையதே. மதீனா வந்த மறு ஆண்டே அவர்கள் மூத்தா போரில் ஷஹீதானார்கள். அன்று அஸ்மா (ரலி) மாவு பிசைந்து வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து வைத்திருந்தார்கள். நபியவர்கள் வந்து பிள்ளைகளைக் கேட்டு வாங்கி அணைத்துக் கொண்டபோது அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. இவர்களுக்கு நானே பொறுப்பாளர் என்றார்கள். ஜஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று ஏவினார்கள். பணி செய்தவரின் பிள்ளைகள் சமுதாயத்தின் பிள்ளைகள் என்பது அன்று நிலைநாட்டப்பட்ட நெறி.

மாணவர் நிர்வாகத்தாருக்கு எழுதினார். ஆறு மாதத்தில் வீடு தருவதாகவும், குடும்ப விசாவுக்கு ஆவன செய்வதாகவும் பதில் வந்தது. ஆறு மாதம் பொறுக்கிறேன், ஏழாம் மாதம் பொறுக்க மாட்டேன் என்று அவர் மனைவியார் கூறிவிட்டாராம். நல்ல பதில். விடைபெற வந்த நாளில் மகனையும் அழைத்து வந்திருந்தார். அவன் என்னிடம், "அங்க உள்ளவங்களுக்கு நான் பேசுறது புரியுமா ஹஜ்ரத்?" என்று கேட்டான். அவனை அருகில் அமர்த்தி உம்மு காலிதின் கதையைச் சொன்னேன். "ஸனா, ஸனா" என்று சொல்லிக் கொண்டே படியிறங்கிப் போனான்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. இதற்கெல்லாம் மலேசியா வரை போக வேண்டியதில்லை. உங்கள் மஹல்லாவின் இமாம் எந்த ஊர்க்காரர்? அவருடைய மனைவி மக்கள் எங்கே இருக்கிறார்கள்? பள்ளிவாசலை ஒட்டிய ஒற்றை அறையில் அவர் தனியே படுத்துறங்க, ஐந்து மாவட்டங்களுக்கு அப்பால் அவருடைய குழந்தை கைப்பேசித் திரையை அத்தா என்று முத்தமிட்டுக் கொண்டிருக்கிறதா? நம் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுப்பவரின் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்க அவர் வீட்டில் இல்லையெனில், அந்தக் கடனில் நமக்கும் பங்குண்டு. மினாராவுக்கு வண்ணம் பூசும் செலவில் ஒரு பகுதி, இமாமின் குடும்பம் குடியிருக்க ஒரு சிறு வீட்டுக்குப் போதாதா? ஜமாஅத் நிர்வாகிகள் சிந்திக்கட்டும். அவர்கள் சிந்திக்காவிடில் இல்லத்தரசியர் நினைவூட்டட்டும்.

மார்க்கப் பணியும் அமானிதம், மக்களும் அமானிதம். ஒன்றைச் சுமப்பதற்காக மற்றொன்றைக் கீழே போடும் நிலை எவருக்கும் வராமல் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.