வாயால் சொன்ன ‘இல்லை’

மலையகத்தைப் பற்றிப் பேசாத தமிழ் மேடை இன்று நம் பல்கலைக்கழகங்களில் இல்லை. லயத்துக் காம்பிரா, கொழுந்துக் கூடை, அட்டை உறிஞ்சிய இரத்தம் ஆகிய மூன்றும் கைவசமிருந்தால் ஒரு கட்டுரை ஆயத்தமாகிவிடும். கவிதையாயின் இரண்டே போதும். ஆயின், இவ்வாறு எழுதுவோருள் எத்தனை பேர் ஓர் அரச கந்தோருக்கு ஒற்றைத் தாளில் விண்ணப்பம் எழுதி, அதற்கு எழுத்திலே பதில் பெற்றிருக்கின்றனர்? இவ்வினாவின் முன் நிறுத்தப்பட வேண்டியவர்களுள் நானே முதல்வன் என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

என் பாட்டியார் பலாங்கொடைப் பகுதித் தோட்டமொன்றிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்றுதான். ஏடுகளில் அவருக்குப் பெயர் மூன்று. பிறப்புப் பதிவிலே கடைசி எழுத்து உதிர்ந்தது. தோட்டத்துச் செக்ரோலில் நெடில் குறிலாயிற்று. அடையாள அட்டையிலோ இரண்டுமே நேர்ந்தன. சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது, மூவரும் ஒருவரே என நிறுவும் சுமை, அம்மூன்றையும் பிழையாக எழுதிய கைகளின் மீது விழவில்லை. எழுத்தறியாத அவர் தலையிலேதான் விழுந்தது. ஒரு கந்தோரின் கருமபீடத்திலே, “அந்த வருஷத்து இடாப்பு இல்லை” என்றார்கள். எரிந்ததா, கறையான் அரித்ததா, வேறிடம் கொண்டுசெல்லப்பட்டதா, அன்றித் தேட மனமில்லையா? பாட்டியார் கேட்கவில்லை. உயர்தரம் சித்தியடைந்துவிட்டுப் பக்கத்திலே நின்ற நானும் கேட்கவில்லை. பின்னர் ஒருவாறாக அப்பணம் வந்து சேர்ந்தபோது பெற்றுக்கொள்ளப் பாட்டியார் இல்லை.

இதனை ஒரு குடும்பத்துத் துயரமென்று ஒதுக்கிவிட முடியாது. இந்நாட்டில் நம்மவரின் வரலாறே ‘பத்திரம் எங்கே?’ என்ற வினாவின் வரலாறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமோ, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் விவாகமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்தமையை நிரூபிக்கச் சொன்னது. எதனைக் கொண்டு நிரூபிப்பது? வந்த நாளும் பேர் பதிந்த நாளும் துரையின் கந்தோரிலுள்ள புத்தகங்களிலே இருந்தன. தொழிலாளியின் பெட்டியில் இருக்கவில்லை. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் தீக்கிரையானபோது, தகரப் பெட்டிகளில் எஞ்சியிருந்த துண்டுக் கடதாசிகளும் கூடவே போயின. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்ற நிலை சட்டத்தளவில் முடிவுற்றது உண்மை. பத்திரமற்ற நிலை முடிந்துவிடவில்லை.

இவ்வாறிருக்க, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கின்றது. அரசாங்கம் தன் கோவைகளைத் திறந்துகாட்டக் கடமைப்பட்டது என்பதே அதன் சாரம். ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். கேட்பதற்குக் கட்டணமில்லை. ‘எதற்காகக் கேட்கிறாய்?’ என்று வினவ எவருக்கும் உரிமையில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் அதனை எழுத்திலிட்டுக் கொடுப்பது அவ்வலுவலரின் கடமை. விண்ணப்பம் கிடைத்தமைக்கு அந்த இடத்திலேயே எழுத்திற் பற்றுச்சீட்டுத் தரப்படல் வேண்டும்; அதனை வாங்காது திரும்புகிறவர் பாதி வழக்கைத் தோற்றவராவார். பதினான்கு வேலை நாட்களுள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வரவேண்டும். மறுப்பாயின் காரணம் எழுதப்படல் வேண்டும். அக்காரணம் ஏற்புடைத்தன்றாயின் பதினான்கு நாட்களுள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் தோற்றால் இரண்டு மாதத்துள் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பிறப்புப் பத்திரத்தின் பிரதி வேண்டுவோர் இச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. பிரதேச செயலகத்துப் பதிவுக் கிளையில் அதற்கெனத் தனி விண்ணப்பப் படிவம் உண்டு. பதிவிலக்கம் அறியாதவர் உரிய கட்டணம் செலுத்தி இடாப்பைத் தேடும்படி கேட்கலாம். தேடாமலே ‘இல்லை’ என்று சொல்லப்படும் இடத்திலேதான் இச்சட்டம் தேவைப்படுகின்றது. வாயாற் சொன்ன ‘இல்லை’க்குத் தகப்பன் இல்லை, அதனை எவரும் எங்கும் மேன்முறையீடு செய்ய முடியாது. எழுதிக் கையொப்பமிட்ட ‘இல்லை’க்கோ ஒரு பெயருண்டு, ஒரு பதவியுண்டு, ஒரு திகதியுண்டு.

மொழியைக் காட்டி மிரளுவோர் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையை ஒருமுறை வாசித்தல் நன்று. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் தமிழில் எழுதித் தமிழிலே பதில் பெறவும், பார்வையிடச் சட்டம் இடந்தரும் பதிவேடுகளின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழிலே பெறவும் எமக்கு உரிமையுண்டு. பலாங்கொடையில் நின்று தமிழில் விண்ணப்பிப்பது எவரிடமும் கேட்கும் சலுகையன்று.

“சட்டம் ஏட்டுச் சுரைக்காய், தலைவரைப் பிடித்தால் ஒரு நாளில் காரியம் ஆகும்” என்பார் உளர். ஆகலாம். ஆனால் தலைவரால் ஆகும் காரியம் அடுத்த தேர்தல்வரை கடனாக நிற்கும். தரகரால் ஆகும் காரியம் அன்றைக்கே காசாகக் கழியும். இரு வழியிலும் இடாப்பு பூட்டிய அலுமாரிக்குள்ளேயே இருக்கின்றது. அடுத்த வீட்டுக்காரி மறுபடி தொடக்கத்திலிருந்து அலைகிறாள்.

சட்டத்தின் ஓட்டைகளை மறைப்பதும் என் நோக்கமன்று. இவ்வுரிமை ‘பிரசை’க்கு மட்டுமே உரியது. தான் பிரசையென நிறுவப் பத்திரம் தேடுகிறவனுக்கு இதைவிடக் கொடிய வேடிக்கை உண்டா? இரண்டாவது, செக்ரோல் இன்று கம்பனியின் கையில். அரசின் பங்கு நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் குறைந்து, கட்டுப்பாட்டு உரிமையும் அரசிடம் இல்லையாயின், அக்கம்பனி பொதுவாக இச்சட்டத்துக்கு வெளியே நின்றுகொள்ளும். ஆயினும் 1970களில் காணிச் சீர்திருத்தத்தின் வழியே அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்கு மாறியபோது நிலம் விற்கப்படவில்லை, குத்தகையே அளிக்கப்பட்டது. நிலத்துக்குரிய மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அரச நிறுவனங்களே. குத்தகை உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கின்றது, ஏழு பேர்ச் காணிக்கு உறுதி பெற்றோர் எத்தனை பேர், வீடிருந்தும் உறுதியில்லாதோர் எத்தனை பேர் என்று அங்கே கேட்கலாம். கேட்டவர் யார்?

இதே சட்டம் இன்னொரு வாயிலையும் திறந்துவைத்துள்ளது. அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கினராவது பிரசைகளாயின், ஒரு சங்கமும் ‘பிரசை’ என்ற வரைவிலக்கணத்துள் அடங்கும். எமது தமிழ்ச் சங்கம் அத்தகையதே. விழாவுக்கு மாலையும் பொன்னாடையும் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால், பதிவுத் தபாற் செலவு ஒரு பொருட்டன்று. விரிவுரையாளர் பெருமக்களும், ‘மலையக ஆய்வுக்கு ஆவணங்கள் கிடைப்பதில்லை’ என்று முன்னுரையில் எழுதுமுன், எத்தனை விண்ணப்பம் அனுப்பினோம் என்பதையும் அங்கே குறிப்பார்களாக. பழைய பதிவேடுகளைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்முதல் குறைந்தது பத்தாண்டு பேணவேண்டும் என்று மட்டுமே அது சொல்கின்றது. பத்தாண்டு என்பது நெடுங்காலமன்று.

ஆதலின் எதிர்வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவர இருக்கிறேன். பலாங்கொடை, இம்புல்பே ஆகிய இரு பிரதேச செயலகங்களிலும் தோட்டப் பிறப்பு இடாப்புகளுள் எவ்வெவ் ஆண்டுக்குரியவை உள்ளன, எவை இல்லை, இல்லாதவை எப்போது எவ்வாறு இல்லாமற் போயின எனச் சங்கத்தின் பெயரால் தமிழிலே கேட்டல் வேண்டும். இடாப்பு இல்லையெனச் சொல்லப்பட்ட அந்த ஆண்டை, என் பாட்டியார் பிறந்த ஆண்டை, அப்பட்டியலில் முதலாவதாக எழுதும்படி சபையை வேண்டுவேன்.