ஏலம் விட்டவரே ஏலம் எடுத்தால்

வகித் அலெக்பெரோவ் திறமையால்தான் எண்ணெய்க் கோடீஸ்வரர் ஆனார், சோவியத் பதவிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற வாதத்தை ஏற்க முடியாது. திறமையை யாரும் மறுக்கவில்லை. பாகுவில் பிறந்து, காஸ்பியன் கடல் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பழகி, சைபீரியாவின் கொகலிம் வயல்களை நிர்வகித்தவர் அவர். ஆனால் 1990இல் அவர் எண்ணெய், எரிவாயுத் துறையின் துணை அமைச்சர். 1991 நவம்பரில் லங்கெபாஸ், உராய், கொகலிம் என்ற மூன்று அரசு நிறுவனங்களை இணைத்து லூக்காயில் என்ற எண்ணெய் நிறுவனம் உருவாக்கப்பட்டபோது தலைமையும் அவருக்கே வந்தது. அந்தக் கிணறுகளும் குழாய்களும் மக்கள் பணத்தில் போடப்பட்டவை.

அரசே சரிந்த நேரத்தில் யாராவது எடுத்து நடத்தத்தானே வேண்டும் என்பார்கள். நடத்துவது வேறு, சொந்தமாக்கிக்கொள்வது வேறு. 1995 டிசம்பரில் லூக்காயிலின் 5 சதவீத அரசுப் பங்கு ஏலத்துக்கு வந்தது. தொடக்க விலை 3.5 கோடி டாலர். லூக்காயில் தரப்பே அதை 3.501 கோடிக்கு எடுத்தது. குற்றாலத்தில் சாரல் சீசனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடைக்கே ஏலம் உண்டு. ஏலம் விடும் அதிகாரியே அதைத் தன் பேரில் எடுத்தால் தென்காசிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

அதிகாரி தொழிலுக்கு வருவதே தவறு என்று சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டு ஐஏஎஸ் அதிகாரி ஆர்.சி. பார்கவா 1981இல் மாருதிக்குப் போனார், பிறகு அதன் தலைவரும் ஆனார். ஆனால் நிறுவனம் அவருக்குச் சொந்தமாகவில்லை. 2002இல் மாருதியின் கட்டுப்பாட்டைப் பெற சுசுகி இந்திய அரசுக்கு 1,000 கோடி ரூபாய் கட்டியது.