இளையோர்க்கு எழுதுவது இழிவோ?

என்னிடம் முன்பு பயின்ற மாணாக்கர் ஒருவர் அண்மையில் இல்லத்திற்கு வந்திருந்தார். எழுத்தாற்றல் இயல்பாகவே வாய்க்கப் பெற்றவர். திரைப்படங்களுக்கு உரையாடல் எழுதும் வாய்ப்பைத் தேடி ஆண்டுகள் சிலவாக அலைந்து வருகிறார். “வாய்ப்பு வரும்வரை பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒரு கதைநூல் எழுதலாகாதோ?” என்று கேட்டேன். அவர் முறுவலித்தார். “ஐயா, வேறெதுவும் எழுத வராதவர் எழுதுவதன்றோ அது?” என்றார். அவர் இழிவாக எண்ணிச் சொன்னாரல்லர். ஊரார் எண்ணுவதையே சொன்னார். பெரியவர்க்கு எழுதுவது வலக்கைப் பணி, சிறுவர்க்கு எழுதுவது இடக்கைப் பணி என்னும் எண்ணம் கற்றாரிடத்தும் வேரூன்றிக் கிடக்கிறது. அவர்க்கு அன்று நான் விடை கூறவில்லை. கூறியிருக்க வேண்டிய விடை ஆங்கில எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் இலிவர்ப்பூல் நகரை ஒட்டிய பூட்டல் என்னும் துறைமுகப் பகுதியில் 1959இல் பிறந்தவர் பிராங்கு காட்டிரல் பாய்சு. ஆக்கசுபோர்டில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்காக ஓடும் தொடர்களுக்கு எழுதிக் கைதேறினார். பின்னர்த் திரைக்கு வந்தார். சரயேவோ நகரப் போரைப் பற்றிய படம் (1997), புகழ்பெற்ற இசைவாணி ஒருவரையும் அவர் தமக்கையையும் பற்றிய படம் (1998), மாஞ்செசுட்டர் நகர இசையுலகைப் பற்றிய படம் (2002) என்று அடுத்தடுத்து அவர் எழுதியவை பேசப்பட்டன. என் மாணாக்கர் எந்த வாயிலைத் தட்டிக்கொண்டு நிற்கின்றாரோ, அவ்வாயிலைக் கடந்து உள்ளே சென்று அமர்ந்துவிட்டவர் அவர். வேறெதுவும் எழுத வராதவர் அல்லர் என்பது தெளிவு. அத்தகையவர்தாம் தம் நாற்பத்தைந்தாம் அகவையை ஒட்டி, 2004இல், பள்ளிப் பிள்ளைகளுக்கென ‘மில்லியன்சு’ என்னும் முதற் புதினத்தை வெளியிட்டார்.

அது முதலில் திரைக்கதையாகவே பிறந்தது. படத்தை இயக்கிய டேனி பாயில் என்பவர், இதனை ஒரு புதினமாகவும் எழுதுமாறு அவரைத் தூண்டினார். தாயை இழந்த இரு சிறுவர் உடன்பிறந்தார். ஓடும் தொடர்வண்டியிலிருந்து பை நிறையப் பணத்தாள்கள் இளையவன்முன் வந்து விழுகின்றன. அந்நாட்டுப் பவுண்டுப் பணம் சின்னாளில் செல்லாததாகி யூரோ நடைமுறைக்கு வரவிருக்கிறது என்பது கதையின் புனைவு. அதற்குள் செலவிட்டாக வேண்டும். மூத்தவன் வணிகம் எண்ணுகிறான். இளையவனோ, தூயவர் வரலாறுகளை எல்லாம் மனப்பாடமாக அறிந்தவன். அத்தூயவர்கள் அவன் கண்முன் தோன்றி அவனோடு உரையாடுகிறார்கள். அவன் ஏழைகளைத் தேடிப் புறப்படுகிறான். நன்மை செய்யப் பணம் போதுமா என்னும் வினாவைப் பன்னிரண்டு அகவைப் பிள்ளைமுன் நகைச்சுவையோடு வைத்த நூல் அது. 1936 முதல் நூலகர்கள் தேர்ந்து வழங்கிவரும் கார்னெகி விருது, முதல் நூலுக்கே அவர்க்குக் கிடைத்தது.

படமும் நன்றாகவே அமைந்தது. ஆயினும் இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். திரைக்கதை என்பது எழுத்தோ? எழுத்துத்தான், ஆனால் வீடு கட்டுவோன் கையிலுள்ள வரைபடம் போன்ற எழுத்து. வீடு எழுந்தபின் வரைபடத்தை யார் பார்க்கிறார்? எழுதியவன் இட்ட சொல்லை நடிப்பவன் மாற்றுகிறான், இயக்குபவன் வெட்டுகிறான், பணம் இட்டவன் முடிவையே திருப்பச் சொல்கிறான். இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. பலர் கூடிச் செய்யும் தொழிலின் இயல்பு அது. காட்டிரல் பாய்சு வாழ்விலேயே இதற்கொரு சான்றுண்டு. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நெடுங்கதை ஒன்றைத் தழுவி 2005இல் வந்த படத்தின் எழுத்தாளர் பெயர் ‘மார்ட்டின் ஆர்டி’ என்று திரையில் ஓடுகிறது. அப்படி ஒருவர் இல்லை. தம்மோடு பல படங்களில் இணைந்து உழைத்த இயக்குநரோடு வேறுபாடு எழவே, இவர் தம் பெயரை நீக்கிக்கொண்டு புனைபெயரைப் போடச் செய்தார். எழுதியவன் பெயரே எழுதியதினின்றும் பிரிந்துவிடக் கூடிய இடம் அது!

நூலிலோ, எழுதியவன் இட்ட சொல் இட்ட இடத்தில் நிற்கும். பிள்ளை ஒருவன் விளக்கடியில் அமர்ந்து அதனைப் படிக்கும்போது, இருவர்க்கும் இடையே நடிகனும் இல்லை, இசையும் இல்லை, ஒளியும் இல்லை. சொல் ஒன்றே உண்டு. படம் பார்க்கும் பிள்ளைக்கு அச்சிறுவனின் முகத்தைப் பிறர் காட்டிவிடுகின்றனர். படிக்கும் பிள்ளையோ அம்முகத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறான். மொழியைப் பிள்ளை உடைமையாக்கிக்கொள்வது அப்பொழுதுதான்.

திரைத்தொழில் அவர்க்குக் கற்றுக் கொடுத்ததும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. சொல்லைச் சிக்கனமாகச் செலவிடுதல், நிகழ்ச்சியால் கதை நடத்துதல், அறிவுரையை ஆசிரியர் வாயால் கூறாதிருத்தல் ஆகிய மூன்றும் அவர் நூல்களிற் காணக்கிடக்கின்றன. சிறுவர்க்கு எழுதப் புகும் நம்மனோர் பலர்க்கு மூன்றாவது கைவருவதே இல்லை. அவர் கதைகளைச் சிறுவர்களே தம் வாயால், தம் ஊர்ப் பேச்சின் ஓசையோடு சொல்கின்றனர். கொச்சை நடையை நூல்நடையாக ஏற்பது எனக்கு எஞ்ஞான்றும் உடன்பாடன்று. எனினும் அவர் கையாள்வது கொச்சை அன்று, எளிமை. அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணராமல் நாம் நெடுங்காலம் வழக்காடிவிட்டோம்.

2005இல் வந்த ‘பிரேம்டு’ என்னும் நூலையே நான் அவர் நூல்களில் உயர்வாக மதிப்பேன். தலைப்பே இரட்டுறமொழிதல்: சட்டமிடப்பட்ட ஓவியம் என்றும் பொருள்படும், பொய்க்குற்றத்தில் சிக்கவைக்கப்பட்டவன் என்றும் பொருள்படும். இரண்டாம் உலகப் போரின்போது, இலண்டன் மாநகரின் நாட்டு ஓவியக் காட்சியகத்திலிருந்த ஓவியங்களை 1941இல் வேல்சு நாட்டு மனோடு மலையின் கற்பலகைச் சுரங்கத்திற்குக் கொண்டுசென்று காத்தனர். இது வரலாறு. நம் காலத்தில் இலண்டனில் வெள்ளம் புகுந்து, மீண்டும் அவ்வோவியங்கள் அதே மலைக்கு வந்தால்? இது கதை. நலிந்து கிடக்கும் அச்சிற்றூரில் வண்டிகளுக்கு எண்ணெய் விற்கும் நிலையம் நடத்தும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தன் கோழிகளுக்கு மைக்கலாஞ்சலோ, தொனதெல்லோ என்று பெயரிட்டிருக்கிறான். ஓவியங்களோடு வந்த அலுவலர், ஆகா, இத்தாலியக் கலையில் தோய்ந்த இளஞ்செல்வன் என்று வியந்து போகிறார். பையனோ அப்பெயர்களை எடுத்தது ஆமை வீரர்களைப் பற்றிய கேலிப்படத்திலிருந்து! இந்நகைப்போடு நின்றிருந்தால் அது வெறும் வேடிக்கை நூல். ஆனால் ஒவ்வோர் ஓவியத்தையும் காணக் காண அவ்வூரார் தம் ஊரை வேறு கண்கொண்டு நோக்கத் தொடங்குகின்றனர். கலை யார்க்கு உரியது, காட்சியகச் சுவருக்கா, கோழி வளர்க்கும் சிறுவனுக்கா என்று நூலாசிரியர் எங்கும் கேட்கவில்லை. படிக்கும் பிள்ளை கேட்டுக்கொள்கிறான்.

இவ்வளவும் எங்கே தொடங்கிற்று என்பதுதான் ஆசிரியனாகிய என்னை உறுத்துவது. தொடக்கப் பள்ளியில் துறவியாசிரியை ஒருவர் இவர் எழுதியதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினாராம். வகுப்பே நகைத்து மகிழ்ந்ததாம். எழுத்தாளனாக வேண்டும் என்னும் எண்ணம் அன்று எழுந்தது என்பதை அவரே கூறியுள்ளார். இருபத்தெட்டு ஆண்டுகள் நான் கட்டுரை ஏடுகளைத் திருத்தியிருக்கிறேன். சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். பிழையைக் காட்டுதற்காக உரக்கப் படித்ததுண்டு. நன்றாக இருக்கிறது என்பதற்காகப் படித்துக் காட்டியது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கள் மிஞ்சின. ஒற்று மிகும் இடத்தைக் கற்பித்தல் தேவையே. அதனோடு, அம்மாணாக்கன் எழுதிய ஒரு தொடரையாவது நான் சுவைத்தேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாவோ?

2012 சூலை 27 அன்று இலண்டன் ஒலிம்பிக்கு விளையாட்டுகளின் தொடக்கவிழாவை உலகமே கண்டது. இயக்கியவர் அதே டேனி பாயில். எழுத்துப்பணி காட்டிரல் பாய்சு உடையது. ஒரு நாடு தன் பெருமையை உலகின்முன் விரிக்கும் அரங்கில் எதை வைப்பர்? படையை வைப்பர், கோட்டையை வைப்பர். அங்கோ மருத்துவமனைக் கட்டில்களில் குழந்தைகள் படுத்திருந்தனர். சிறுவர் நூலாசிரியர் ஒருவர் வந்து பழைய சிறுவர் கதையொன்றிலிருந்து படித்தார். கதைகளில் வரும் கொடியோர் பேருருவாய் எழ, கதையில் வரும் செவிலியர் குடைபிடித்து வானிலிருந்து இறங்கினர். சேக்குசுபியர் நாடகத்துச் சொற்களும் அங்கு ஒலித்தன. அவ்விருவகை எழுத்தையும் ஒரே மேடையில் ஏற்றிய துணிவை நான் போற்றுகிறேன். உலகெங்கும் ஆண்டு அடக்கி, நம் போன்றார் மொழிகளைக் கீழ்ப்படுத்திய மொழி அது என்பதை நான் மறந்தேனில்லை. தன் பிள்ளைகளுக்கு அது எதைக் கொடுக்கிறது என்பதைப் பார்க்க மறுத்தால் இழப்பு நமக்கே.

அவ்விழாவிற்கு முந்திய ஆண்டில், ‘மறக்கப்படாத மேலங்கி’ என்று பொருள்படும் சிறு நூலொன்றை அவர் எழுதினார். பூட்டல் பள்ளி ஒன்றிற்கு மங்கோலியச் சிறுவர் இருவர் வந்து சேர்கின்றனர். தம்மைப் பிடித்துச் செல்லப் பேயொன்று தொடர்வதாகச் சொல்கின்றனர். உடன்பயிலும் சிறுமி நம்புகிறாள், ஐயுறுகிறாள், மீண்டும் நம்புகிறாள். பேய் என்பது யாது என்று நமக்குப் புரியும்போது நெஞ்சு கனக்கிறது: குடிவரவு அலுவலர் இரவில் வந்து குடும்பத்தை நாடுகடத்துவதே அது. அப்பகுதிப் பள்ளியொன்றில் அவர் கண்ட மங்கோலியச் சிறுமி ஒருத்திக்கு அவ்வாறே நேர்ந்ததுதான் நூலின் வித்து. செய்தித்தாள் இதனை நான்கு வரியில் முடிக்கும். திரைப்படமாயின் பணம் இடுவார் யார்? சிறுவர் நூலில் அது நின்றது. ஐம்பதாயிரம் படிகள் இலிவர்ப்பூல் வட்டாரத்தில் விலையின்றி வழங்கப்பட்டன. மறு ஆண்டு ‘கார்டியன்’ நாளிதழின் சிறுவர் புனைவு விருதும் அதற்கே வந்தது.

அதன் பின்னரும் அவர் திரையைக் கைவிட்டாரில்லை. 2013இலும் 2017இலும் அவர் பங்கேற்று எழுதிய படங்கள் வந்தன. இரண்டும் ஒருவர்க்கே இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. 2024இல் அந்நாடு அவரைச் சிறுவர் இலக்கிய அவைப்புலவராக, 2026 வரையிலான ஈராண்டுக்கு, அமர்த்திற்று. 1999 முதல் எழுத்தாளர்க்கோ ஓவியர்க்கோ வழங்கப்பட்டுவரும் பொறுப்பு அது. அப்பொறுப்பேற்று அவர் முன்னெடுத்தது தம் நூல்களின் விற்பனையை அன்று. பள்ளிக்கு வருமுன்னரே ஏழைப் பிள்ளைக்கும் யாரேனும் மடியில் அமர்த்திக் கதை படித்துக் காட்ட வேண்டும், அது சலுகையன்று உரிமை என்பதே அவர் வேண்டுகோள்.

என் மாணாக்கர் அடுத்த திங்கள் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். மேலே சொன்ன மூன்று நூல்களையும் மேசைமேல் எடுத்து வைத்துள்ளேன். அவற்றின் அருகில் எழுதப்படாத ஏடு ஒன்றும் வைத்திருக்கிறேன்.